பொங்கலுக்கு வரப்போகும் லென்ஸ்

இந்த தசராவுக்குள் லென்ஸ் வாங்கியே தீருவது என்று பட்டாபிராமன் சபதம் எடுத்தார். எடுத்த இடம் புனே விஷ்ராந்த்வாடி வீட்டின் குளியலறை. உள்ளே தாழ்ப்பாள் போட்டு, குழாயையும் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து உரக்கச் சொன்னார். சபதம் என்றால் கேட்க ஒரு ஆள் வேண்டும்தான். ஆனால் அந்த வீட்டில் இருந்த ஒரே ஆள் விசாலாக்ஷி. மனைவி காதில் விழுந்தால் சபதத்தின் ஆயுசு அங்கேயே முடிந்துவிடும்.

"ஏன்னா, உள்ள யாரோட பேசறேள்?" என்று குரல் வந்தது.

"ஸ்லோகம்!"

"குழாயை மூடிண்டு சொல்லுங்கோ. பகவானுக்குக் காது நன்னாக் கேக்கும்."

பட்டாபிராமன் ஆபீசில் பெரிய ஆள். ராணுவக் கணக்குப் பிரிவில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஜோடி பூட்ஸ்கூட நகராது. கர்னல்களே அவர் மேஜை முன்னால் நின்று தொண்டையைக் கனைப்பார்கள். வீட்டில் விசாலாக்ஷி சொல்லாமல் அவருடைய செருப்பே நகராது.

புகைப்படம் எடுப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. எடுப்பது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். கேமராவில் இருந்த ஃபிலிம் ரோலைப் போட்டு இரண்டு தீபாவளி தாண்டிவிட்டது, இன்னும் முடியவில்லை. படம் எடுக்க எங்கே நேரம்? ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படம் எடுப்பதைப் பற்றிப் பேசவே சரியாக இருந்தது.

பேச்சு நடக்கிற இடம் கேம்ப் பகுதியில் ஒரு இரானி ஹோட்டல். பட்டாபிராமனையும் சேர்த்து நாலு பேர். கோவிந்தராஜன் பேங்க் ஆபீசர், மச்சினன் சிங்கப்பூரில். உலகத்தில் எந்த கேமரா வந்தாலும் முதல் தகவல் தனக்குத்தான் வரவேண்டும் என்பது அவர் கொள்கை. லூர்துசாமி வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரர். பறவைகளைப் படம் எடுப்பவர், ஆனால் பறவைகள் இதுவரை ஒத்துழைத்ததில்லை. ஜெபகுமார் கசார்வாடியில் ஸ்டூடியோ வைத்திருப்பவன், கல்யாணம் காதுகுத்து எல்லாம் எடுப்பான். நாலு பேரில் நிஜமாகவே படம் எடுக்கிறவன் அவன் ஒருவன்தான். அதனாலேயே அந்த மேஜையில் அவனுக்கு மரியாதை கொஞ்சம் கம்மி.

"இன்னும் மூணே வருஷம் ஓய்! ஃபிலிமுக்குப் பதிமூணாம் நாள் காரியம் பண்ணிடலாம். எல்லாம் டிஜிட்டல்தான்" என்பார் கோவிந்தராஜன்.

"பாட்டரி தீந்துபோச்சுன்னா உங்க டிஜிட்டல் வெறும் டப்பாதானே சார்?" என்பார் லூர்துசாமி.

"இன்னைக்கு கேமரா வாங்கிக்கிட்டு ரிக்ஷாவுல ஏறினா, வீட்ல இறங்குறதுக்குள்ள அது பழைய மாடலாயிடுது சார்" என்பான் ஜெபகுமார்.

"அதான் அவசரப்படப்படாதுங்கறது!" என்று பட்டாபிராமன் முடித்து வைப்பார். இன்னொரு சாய் வரும்.

இப்படித்தான் வருஷங்கள் போயின. ஒரு வருஷம், சட்டென்று ஃபோகஸ் ஆகிற லென்ஸ் வருகிறது என்று காத்திருந்தார்கள். அது வந்தது. வந்த அன்றே, அதைவிடச் சட்டென்று ஃபோகஸ் ஆகிறது வருகிறதாம் என்றார் கோவிந்தராஜன். காத்திருந்த காலத்தில் பட்டாபிராமனுக்கு முன்வழுக்கை வந்தது. லென்ஸ் மட்டும் வரவில்லை.

அந்த மேஜையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யார் எந்த லென்ஸின் பேரைச் சொன்னாலும், 'நான் கேள்விப்படலையே' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஒருதரம் லூர்துசாமி வாய் தவறிச் சொல்லிவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை மனிதர் வரவே இல்லை.

இதற்கு நடுவில்தான் மழை பிடித்துக்கொண்டது. புனே மழை வந்தால் போகாது. ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கொடி கட்டி ஈரத்துணி தொங்கியது. பட்டாபிராமன் டிவி பார்க்க வேண்டுமென்றால் தன்னுடைய பனியனை விலக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

"ஏன்னா, வாஷிங் மெஷின் வாங்கியாகணும்" என்றாள் விசாலாக்ஷி.

"வேலைக்காரப் பாயி வந்து தோய்க்கறாளே?"

"மழை பேஞ்சா பாயி வரமாட்டா. மழை நின்னா காவ்னு சொல்லிண்டு கிராமத்துக்குப் போயிடுவா. போன வாரம் பூரா நான்தான் தோய்ச்சேன். என் முதுகைக் கேளுங்கோ, சொல்லும்."

"மெஷினும் லென்ஸும் சேந்து வாங்க முடியாது விசாலம். முதிர்ந்திருக்கறது ஒரே ஒரு சேமிப்புப் பத்திரம்."

"இருக்கிற லென்ஸுக்கு என்ன கேடு?"

"பூஞ்சக்காளான் பிடிச்சுடுத்து! ஹால் பூரா ஈரத்துணியைத் தொங்கவிட்டா அது என்ன பண்ணும் பாவம்?"

"அப்போ துணி காயணும்ங்கறேள்."

"ஆமா, காயணும்!"

"காயணும்னா பிழிஞ்சு தர மெஷின் வேணும்."

பட்டாபிராமன் பனியனை விலக்கிக்கொண்டு டிவி பக்கம் திரும்பினார். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது.

"சரி, லென்ஸே வாங்கிக்கோங்கோ" என்றாள் விசாலாக்ஷி. "ஆனா விஜயதசமிக்குள்ள வாங்கிடணும். அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள லென்ஸ் ஆத்துக்கு வரலேன்னா, சாயங்காலம் மெஷின் வரும். சம்மதமா?"

விசாலாக்ஷி இவ்வளவு சுலபமாக இறங்கிவந்து அவர் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் பயந்திருப்பார்.

கெடு இருந்ததால் இரானி ஹோட்டலில் வேலை மளமளவென்று நடந்தது. தூரத்துப் பறவையைக் கிட்டே இழுத்துக் காட்டும் பெரிய ஜூம் லென்ஸ் ஒன்றுதான் வாங்க வேண்டியது என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சரித்திரத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. எம்.ஜி. ரோடு கேமராக் கடைக்கார ஷேட், தசராவரை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று அதை எடுத்து வைத்தார். பட்டாபிராமன் வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தார்.

"நாளைக்கே போய் வாங்கிண்டு வந்துடப் போறேன்" என்றார் மனைவியிடம்.

"பேஷா வாங்குங்கோ. இன்னிக்கு உங்க சிநேகிதாளைக் கொலுவுக்கு வரச் சொல்லுங்கோளேன். பாவம், எத்தனை வருஷமாப் பேசிப் பேசி அவாளுக்கும் தொண்டை வறண்டு போயிருக்கும்."

சாயங்காலம் மூவரும் வந்தார்கள். கொடித்துணியெல்லாம் உள்ளே போயிருந்தது. கொலுப்படிகளுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து பட்டாணிச் சுண்டல் சாப்பிட்டார்கள். ஜெபகுமாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மாமி, சார் நாளைக்கு லென்ஸ் எடுக்கிறாரு!"

"அப்படியா! எது, பொங்கலுக்கு வரப்போறதே, அதுவா?" என்றாள் விசாலாக்ஷி.

ஹாலில் சுண்டல் மெல்லும் சத்தம் நின்றது.

"எந்த லெ..." என்று லூர்துசாமி ஆரம்பித்தார். பழைய அவமானம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மிச்சத்தைப் பட்டாணியோடு சேர்த்து முழுங்கிவிட்டார்.

"நேக்கு என்ன தெரியும்? நேத்து வெத்தலை பாக்கு வாங்கிக்க வந்த ஒரு மாமி சொன்னா. அவா ஆத்துக்காரருக்கும் இதே பைத்தியமாம். அதே நீளமாம், பாதி எடையாம், கை நடுங்கினாலும் படம் நடுங்காதாம். பொங்கலுக்கு வரதுன்னா. நான்தான் தப்பாப் புரிஞ்சுண்டேனோ என்னமோ. இருங்கோ, காப்பி கொண்டு வரேன்."

அவள் உள்ளே போனாள். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கொலுப் பொம்மைகளைப் பார்த்தார்கள். கோவிந்தராஜன்தான் முதலில் கனைத்தார்.

"அது வரப்போறது நேக்கு முன்னாடியே தெரியும் ஓய். மச்சினன் சொன்னான். வெளியில மூச்சு விடாதேன்னான்."

"பாதி எடை இல்லீங்க. மூணுல ஒரு பங்குன்னு நான் கேள்விப்பட்டேன்" என்றார் லூர்துசாமி.

"பம்பாய் டீலர் ஒருத்தர் புக்கிங்கே ஆரம்பிச்சிட்டாராம் சார்" என்றான் ஜெபகுமார்.

பட்டாபிராமன் மட்டும் சும்மா இருப்பாரா? "நம்ம கேமராவுக்குப் பொருந்தற மாதிரியே பண்றானாம்" என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே அது எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. காப்பி வருவதற்குள் அந்த லென்ஸுக்குப் பை என்ன நிறம் என்பதுவரை முடிவாகிவிட்டது.

"அப்போ நாளைக்கு வாங்கிடறேள்தானே?" என்று காப்பியை நீட்டினாள் விசாலாக்ஷி.

"பொறு விசாலம். இது என்ன மண்டியில கத்திரிக்காய் வாங்கற விஷயமா?" என்றார் பட்டாபிராமன்.

கோவிந்தராஜனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் பிரௌசிங் சென்டருக்குப் போய், கேமராப் பிரியர்கள் கூடிப் பேசும் இணையதளம் ஒன்றில், 'அந்தப் புது லென்ஸ் பொங்கல் சமயத்தில் வருவது உறுதிதானே?' என்று இங்கிலீஷில் கேட்டு வைத்தார். அடுத்த நாளே ஒரு ஜெர்மன்காரன், தானும் கேள்விப்பட்டதாக எழுதினான். கனடாக்காரன் ஒருவன் விலை அநியாயம் என்று திட்டியிருந்தான். இன்னொருவன் அது தன் நண்பனிடம் இருக்கிறது, ஓரத்தில் கொஞ்சம் மங்கல் என்றான். அந்த லென்ஸைப் பற்றித் தெரியாதவர்கள் உலகத்தில் லென்ஸ் செய்கிறவர்கள் மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

"வெள்ளைக்காரனே சொல்லிட்டான் ஓய்!" என்று கோவிந்தராஜன் பட்டாபிராமனின் ஆபீசுக்கே போன் செய்தார். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

இருந்தாலும் பட்டாபிராமனுக்கு மனசு அடித்துக்கொண்டது. எத்தனை வருஷத்து ஆசை! சரஸ்வதி பூஜையன்று கேமராவைப் பூஜையில் வைத்தார்கள். விசாலாக்ஷி பக்தியோடு லென்ஸ் கண்ணாடிக்கு நட்டநடுவிலேயே சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தாள். அதைத் துடைத்துக்கொண்டே, விஜயதசமி காலையில் ஒரு முடிவோடு ரிக்ஷா ஏறினார்.

ஊரெங்கும் சாமந்தி மாலை. ஸ்கூட்டருக்கு மாலை, லாரிக்கு மாலை, மாவு மில்லுக்கு மாலை. ஷேட் வாசலிலேயே நின்றிருந்தார்.

"யா சாஹேப், யா! ஆஜ் முஹூர்த் ஆஹே!" என்று, இன்றைக்கு நல்ல முகூர்த்தம் என மராத்தியில் வரவேற்று, லென்ஸை எடுத்துக் கையில் கொடுத்தார்.

கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. தன் கேமராவில் மாட்டிப் பார்த்தார். எதிர்க் கட்டடத்து மாடியில் ஒரு புறா இறகு கோதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. வாங்கிவிடலாம் என்றுதான் பைக்குள் கையை விட்டார். கை பாதியில் நின்றது.

"ஷேட்ஜி, சங்க்ராந்திக்குப் புது லென்ஸ் ஒண்ணு வரதாமே?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"இல்லை சாஹேப். அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது."

"பாதி எடையில?"

"என் பிள்ளைங்க மேல சத்தியம் சாஹேப், அப்படி ஒரு லென்ஸே இல்லை!"

பட்டாபிராமன் புன்னகை செய்தார். ராணுவத்தின் கணக்கையே துருவிப் பார்க்கிறவருக்கு இது புரியாதா? ஒரு லென்ஸ் வரவில்லை என்று சொல்ல மனுஷன் எதற்காகப் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்ய வேண்டும்? பழைய சரக்கைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறான்! ஷேட் சத்தியம் செய்யச் செய்ய, பொங்கல் கிட்டே வந்துகொண்டே இருந்தது. லென்ஸை மெதுவாக மேஜைமேல் வைத்தார். பெரிய பள்ளத்தில் விழாமல் தப்பித்த நிம்மதியோடு வீட்டுக்குத் திரும்பினார்.

சாயங்காலம் டெம்போவில் மெஷின் வந்தது. விசாலாக்ஷி அதற்குச் சாமந்தி மாலை போட்டு, கற்பூரம் காட்டினாள். பட்டாபிராமன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பரவாயில்லையான்னா? வருத்தமில்லையே?" என்றாள்.

"எனக்கென்ன வருத்தம்? விஷயம் தெரிஞ்சவன் காத்திண்டிருப்பான்" என்றார். பொங்கலுக்குள் எப்படியாவது பணம் புரட்டிவிடலாம் என்று மனசுக்குள் கணக்கும் போட்டுவிட்டார்.

பொங்கல் வந்தது. கரும்பு வந்தது, மஞ்சள் கொத்து வந்தது, கோவிந்தராஜனின் மச்சினன்கூட லீவில் வந்தான். அவனிடம் கேட்டால், "எந்த லென்ஸ்?" என்றான். இரானி ஹோட்டலில் அவசரக் கூட்டம் கூடியது.

"லூர்துசாமி எடை வரைக்கும் துல்லியமாச் சொன்னாரே ஓய்!"

"ஜெபகுமார் புக்கிங் ஆரம்பிச்சாச்சுன்னானே!"

"கோவிந்தராஜன் சார் முன்னாடியே தெரியும்னாரே!"

"அந்த ஜெர்மன்காரன்?" என்று பட்டாபிராமன் பரிதாபமாகக் கேட்டார்.

கோவிந்தராஜன் சாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவனையும் கேட்டேன். புனேல யாரோ விஷயம் தெரிஞ்ச பெரிய மனுஷர் எழுதியிருந்ததைப் படிச்சானாம்."

கடைசியில் ஜெபகுமார் தயங்கித் தயங்கி, "மாமிதான் சார் முதல்ல..." என்று ஆரம்பித்தான்.

பட்டாபிராமன் விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தார். ஹாலில் கொடி இல்லை. துணி இல்லை. விசாலாக்ஷி மெஷினுக்குள் அவருடைய சட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"விசாலம், கொலுவுக்கு வந்து லென்ஸைப் பத்திச் சொன்னாளே, அந்த மாமி யாரு?"

"எந்த மாமி?" என்றாள் அவள், ஒரு காலரைப் பார்த்து முகம் சுளித்தபடி.

பட்டாபிராமனுக்கு எல்லாம் விளங்கியது. புறாவின் இறகு ஒவ்வொன்றும் கண்முன் வந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஆனாலும் ஆண்பிள்ளை, ஒரு வார்த்தையாவது சொல்லாமல் எப்படி விடுவது?

"நீயும்தான் அவசரப்பட்டுட்டே. இந்த மெஷின்லயே அடுத்த வருஷம் புது மாடல் வரப்போறது, தெரியுமோ?"

"அதெல்லாம் வராதுன்னா" என்று விசாலாக்ஷி மூடியைச் சாத்திப் பொத்தானை அழுத்தினாள். "நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலையே."