ஒரே விடையுள்ள தோப்பு

ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குக் கூடுதல் மின்சாரம் கொண்டுபோக உயரழுத்தக் கம்பித்தடம் ஒன்று போடுவதென்று முடிவானபோது, வழியில் நிற்கும் மரங்களைப் பற்றி மேலிடம் மிகுந்த கவலை கொண்டது. அந்தக் கவலைக்கென்றே வேப்பனப்பள்ளி சாலையில் ஒரு மாடி வாடகைக்கு எடுக்கப்பட்டு, ‘மர நிர்ணயத் தனி அலுவலகம்’ என்று பலகை மாட்டப்பட்டது.

விதி எளிமையானது. ஒரு நிலத்தில் மாமரம் இருபத்தைந்துக்குக் குறையாமல் இருந்தால் அது தோப்பு. கம்பி வளைந்து போகவேண்டும். குறைந்தால் அவை சிதறிய மரங்கள்; கம்பி நேராகப் போகும், மரங்கள் போய்விடும். மா எத்தனை, தென்னை எத்தனை என்பதை இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியே தரும் அறிக்கைகளிலிருந்து அலுவலகம் தருவித்துக்கொள்ள வேண்டும். போய் எண்ணிப் பார்க்கலாம் என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

தருவிக்கும் வேலைக்கு மேகலாவை எடுத்திருந்தார்கள். கணிதத்தில் பட்டம், பதினோரு மாத ஒப்பந்தம். யாராவது கேட்டால் ஒழிய வாய் திறக்காத பெண்.

அவள் மேஜைக்கு முதலில் வந்தது சரோஜம்மாளின் கோப்பு. முதல் ஆய்வாளர் மாதேஷின் அறிக்கை ஒரே வரி: ‘மாவும் தென்னையும் சேர்ந்து நாற்பது.’ அவருடைய படிவத்தில் மொத்தம் என்ற ஒரு கட்டம்தான் இருந்தது. இரண்டாம் ஆய்வாளர் மாரிசாமி விரிவாக எழுதியிருந்தார்: ‘மாமரங்களை இருமுறையும் தென்னைகளை இருமுறையும் எண்ணியதில், ஆக மொத்தம் எண்பது.’

மேகலா இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்துவிட்டு, தனி அலுவலர் சிவராஜின் அறைக்குப் போனாள்.

“சார், ரெண்டும் ஒரே அறிக்கைதான். முதலாவதை ரெண்டால பெருக்கினா ரெண்டாவது வந்துடுது.”

“பொருந்துதில்ல? அப்புறம் என்ன?”

“பொருந்துது சார். ஆனா விடை ஒண்ணு இல்ல, எண்ண முடியாத அளவுக்கு இருக்கு. மரத்தைத் துண்டு போடாம முழுசு முழுசா எடுத்துக்கிட்டாலும் நாப்பத்தொண்ணு இருக்கு.”

சிவராஜ் உள்ளூர மகிழ்ந்தார். இருபத்தாறு வருடப் பணியில் எந்தக் கோப்பும் அவருக்கு இத்தனை விடை கொடுத்ததில்லை. ஆனால் இறுதிப் படிவத்தில் விடைக்கு ஒரே ஒரு கோடு போட்ட இடம்தான் இருந்தது. எனவே மாரிசாமி அழைக்கப்பட்டார்.

மாதேஷின் அறிக்கையைப் பார்த்து எழுதியதாகச் சொன்னதில் அவருக்கு வருத்தமில்லை. டீ குடிக்குமுன் கூப்பிட்டதில்தான் வருத்தம். வேற மாதிரி இருக்கணும், அவ்வளவுதானே என்று கேட்டு, எண்பதை எண்பத்திரண்டாக்கிச் சுருக்கொப்பம் இட்டார். இரண்டாம் முறை எண்ணும்போது இரண்டு மரம் கூடுதலாக இருந்ததாக விளக்கமும் தந்தார்.

“இப்ப ஒரே மாதிரி இல்லல்ல, மேகலாம்மா?”

“இல்ல சார். இப்ப விடையே இல்ல. நாப்பதோட ரெண்டு மடங்கு எண்பதாவும் இருக்கணும், எண்பத்திரண்டாவும் இருக்கணும். எந்த மரமும் அப்படி நிக்காது.”

சிவராஜ் நெடுநேரம் யோசித்து, கோப்பில் தம் கையாலேயே குறிப்பெழுதினார்: ‘விடை இல்லாமையால், மேற்படி நிலத்தில் மரங்கள் இல்லை எனக் கொள்ளப்படுகிறது.’ திங்கட்கிழமை கம்பி நேராகப் போகும்.

வெள்ளிக்கிழமை சரோஜம்மாள் வந்துவிட்டாள். தெலுங்கில் எண்ணி, தமிழில் பேரம் பேசி, கன்னடத்தில் திட்டுகிறவள். அந்தத் தோப்பின் பெங்களூரா மாங்காய் வருடம் தவறாமல் மாங்கூழ் ஆலைக்குப் போகும். அந்த வீட்டில் அடுப்பெரிவது அதனால்தான். குறிப்பைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள்.

“மரமே இல்லைன்னு எழுதிட்டீங்க. பின்ன எதை அறுக்கறதுக்குங்க ரம்பம் எடுத்துட்டு வர்றீங்க?”

“அது வேற பிரிவும்மா,” என்றார் சிவராஜ்.

அன்று சாயந்திரம் மேகலா வழியிலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி, தோப்புக்குள் போய் எண்ணினாள். மா இருபத்தெட்டு, தென்னை பன்னிரண்டு. மறுகோடியிலிருந்து எண்ணினாலும் அதேதான்.

மறுநாள் காலை அதைச் சொன்னதும், சிவராஜ் கோபப்படாமல் எடுத்துச் சொன்னார்: “உன்னை எடுத்தது கணக்குப் போடறதுக்கும்மா. கண்ணால பார்த்ததெல்லாம் அறிக்கை ஆகாது. அதுவும் நீ தற்காலிகம். உன் கண்ணும் தற்காலிகக் கண்ணுதான்.”

விதி ஏழின்படி மூன்றாம் அறிக்கை கேட்கலாமா என்று மேகலா தயங்கித் தயங்கிக் கேட்டாள். மா தென்னையைவிட எத்தனை அதிகம் என்று மட்டும் யாராவது சொல்லிவிட்டால் விடை ஒன்றே ஒன்றாகிவிடும். கனிமர ஊக்குவிப்புப் பிரிவுக்குக் கடிதம் போனது. பிற்பகலே பதிலும் வந்தது. உண்மையான வித்தியாசம் பதினாறு. அந்தப் பிரிவு தன் வருடாந்திர இலக்கைப் பார்த்து நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தது.

மேகலா மாதேஷின் நாற்பதையும் இந்த நாற்பத்தெட்டையும் வைத்து இரண்டு முறை போட்டுப் பார்த்தாள்.

“எத்தனை விடை?” என்றார் சிவராஜ்.

“ஒண்ணுதான் சார். மா நாப்பத்தி நாலு. ஆனா தென்னை மைனஸ் நாலு வருது.”

“நாலு தென்னை குறையுதுன்னு அர்த்தம். நட்டுக் குடுக்கச் சொல்லி நோட்டீஸ் அடி.”

மா நாற்பத்து நான்கு என்றால் ஐயமின்றித் தோப்பு. சான்றிதழின் கடைசி வரிதான் சிக்கல்: ‘நேரில் சென்று சரிபார்க்கப்பட்டது.’ மாதேஷும் மாரிசாமியும் தாங்கள் நேரில் போகவில்லை என்றும், பொய்க் கையெழுத்துப் போட மனசாட்சி இடம் தரவில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். அலுவலகத்தில் நேரில் போன ஒரே ஆள் மேகலா. போடாவிட்டால் திங்கட்கிழமை ரம்பம் வரும். போட்டாள்.

திங்கட்கிழமை, நாற்பத்து நான்கு மாமரங்களுக்கு உரிய மரியாதை செய்து கம்பித்தடம் வளைந்தது. வளைந்த கம்பி எங்காவது போகவேண்டுமே. மேற்கு ஓரத்தில், கோப்பில் இல்லாத பன்னிரண்டு தென்னைகள் நின்றன. இல்லாத மரத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

சரோஜம்மாள் நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு, வடக்கு வரப்பில் நான்கு தென்னங்கன்று வைத்தாள். அதைச் சரிபார்க்க மேகலாவைத்தான் அனுப்பினார்கள். மைனஸ் நாலோடு நாலைக் கூட்டி அவள் கட்டத்தில் எழுதினாள்: ‘தென்னை இல்லை.’

“நாலு கன்னு நிக்குதே கண்ணு, எப்படி இல்லைங்கற?”

“இன்னும் நாலு வெச்சிட்டா நாலாயிடும்மா,” என்றாள் மேகலா. தடங்கலில்லாமல் வந்துவிட்ட அந்த வாக்கியத்தைக் கேட்டு அவளே ஒரு கணம் திகைத்து நின்றாள்.

சரோஜம்மாள் திட்டவில்லை. விரல் விட்டுப் பார்த்துத் தலையாட்டினாள்.

“எட்டு வெச்சா நாலு. சரி, வெக்கறேன். மா நாப்பத்தி நாலுன்னு நீதானே கையெழுத்துப் போட்ட? நிக்கறது இருவத்தெட்டு. மிச்சம் பதினாறு மரம் வெயில்ல வாடுது. அதுக்கும் சொட்டுநீர்க் குழாய் வேணும்னு எழுதிக் குடு.”

மேகலா பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து, அந்தப் பதினாறும் எந்த வரிசையில் நிற்கின்றன என்று கேட்டு எழுதத் தொடங்கினாள்.