கம்பி பாயும் புது டாஸும்

மதுரை ஜில்லாவிலேயே பொய் சொல்லத் தெரியாமல் பிறந்த ஒரே மனிதர் கம்பி பாய்தான். நான் நன்றாக விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மேலூர்ப் பக்கம் இன்னொருவர் இருப்பதாக ஒரு நண்பர் சொன்னார். தேடிப் போனதில், அந்த நண்பர் சொன்னதே பொய் என்று தெரிந்தது.

பாயின் நிஜப் பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். காஜிமார் தெருவில் வீடு. கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எண்பதுகளின் கடைசியில் ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்கள் அத்தனையும் பாயைத்தான் நம்பியிருந்தன.

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் அவர் ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொடுவார். உடம்பில் இருக்கும் மின்சாரம் கம்பி வழியாக இறங்கிப் போய்விடுமாம். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் நுண்ணிய சில்லுகள் செத்துவிடுமாம். அவர் தொட்டால் போதாது, நாமும் தொட வேண்டும். எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் உட்கார்ந்திருக்கும்போது தபால்காரர் உள்ளே வந்தால்கூட, "அண்ணே, அந்தக் கம்பியத் தொட்டுட்டு வாங்க" என்பார். அவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தபாலைத் தருவார். எங்கள் அரசரடித் தெருவில் பாதிப் பேர் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததே பாயின் உபயம்தான். தொழிற்சாலையில் புதிது வாங்கியபோது கழித்துப் போட்டதை எனக்குச் சொல்லி வாங்கிக் கொடுத்தார். டெம்போவில் வந்து இறங்கியது. பெயருக்கு நான் வாங்கினேன். உண்மையில் அது என் மனைவி கோமதிக்காக. அவள் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. கீழக்குயில்குடியில் சமணமலைச் சரிவில் முளைக்கிற புல்பூண்டுகளைப் பற்றி ஐந்து வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அந்த ஆராய்ச்சி முழுவதையும், ஏழு அத்தியாயங்களாக, அந்தப் பெட்டிக்குள்தான் அடித்து வைத்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே ஒரு முறை கெடு நீட்டித்துக் கொடுத்தாகிவிட்டது. இன்னும் இருபது நாளில் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஐந்து வருடப் புல்லும் வெறும் புல்லாகிவிடும்.

இந்த நேரத்தில்தான் என் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி சண்முகம் என்னைக் கேட்டான்.

"என்ன மாப்ள, இன்னும் பழைய டாஸ்தேன் ஓட்டுறியா?"

டாஸ் என்பது கம்ப்யூட்டர் கண் விழித்ததும் 'நீ இன்னார், உன் வேலை இது' என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கிற ஆதார நிரல். சண்முகம் அதுவரை கம்ப்யூட்டரைக் காலண்டர் படத்தில்தான் பார்த்திருக்கிறான். ஆனாலும் அவன் கேட்ட தோரணையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய டாஸ் வைத்திருப்பது கிழிந்த பனியனோடு கல்யாணத்துக்குப் போவது மாதிரி தோன்றிவிட்டது.

கோமதியிடம் கேட்டேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தீசிஸக் கொடுத்து முடிக்கிற வரைக்கும் அதுமேல இருக்க தூசியக்கூடத் தட்டாதீங்க."

அந்த வாரமே அவள் டி. கல்லுப்பட்டியில் அம்மா வீட்டுக்கு நாலு நாள் போனாள். பஸ் பெரியார் நிலையத்தைத் தாண்டியிருக்காது. நான் பாய்க்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் பாய் சைக்கிளில் வந்தார். கம்பியைத் தொட்டார். என்னையும் தொட வைத்தார்.

"டீச்சரம்மாகிட்டக் கேட்டுட்டீங்களாண்ணே?"

"கேட்டாச்சு பாய்."

கேட்டது சத்தியமான உண்மை. அவள் என்ன சொன்னாள் என்று பாய் கேட்கவில்லை.

புது டாஸை அப்படியே பழசின் மேல் போட்டுவிட முடியாதா என்றேன். பாய் பொறுமையாக விளக்கினார். "இந்தப் பெட்டிய ஒரு வீடுன்னு வச்சுக்கங்கண்ணே. வாசல் ரூமு சின்னது. பழைய டாஸு ஒண்டிக்கட்டை, அதுல இருந்துக்கிருச்சு. புதுசு குடும்பஸ்தன். அம்புட்டுப் பேரும் அதுல தங்க முடியுமா? மத்த ரூமு சாமானையெல்லாம் வெளிய எடுத்து வச்சு, வீட்டக் காலி பண்ணி, புது ஆளக் குடி வச்சுட்டு, அப்பறம்தேன் சாமானத் திரும்ப உள்ள கொண்டுபோகணும்."

சாமான் என்றால் கோமதியின் ஏழு அத்தியாயங்கள். அத்தியாயத்துக்கு ஒன்றாக ஏழு ஃப்ளாப்பியில் நகலெடுத்தார். அந்தக் காலத்து ஃப்ளாப்பி என்பது, கறுப்பு அட்டை உறைக்குள் அப்பளம் மாதிரி மெல்லிய வட்டத்தகடு. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துச் சரிபார்த்தார். பிறகு வீட்டைக் காலி செய்தார், அதாவது பெட்டிக்குள் இருந்த அனைத்தையும் அழித்தார். புது டாஸ் குடிவந்து திரையில் கண்ணைச் சிமிட்டியது. அதற்குள் அவருக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

"நாளைக்குச் சாயந்தரம் வாரேன், திரும்ப ஏத்திருவோம். ஏழும் அலமாரில இருக்குண்ணே. நீங்க தொட வேணாம். பாக்கக்கூட வேணாம்."

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கெட்டவன் இல்லை. என் கஷ்டமெல்லாம் நல்லது செய்ய நினைக்கும்போதுதான் ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலண்டரைப் பார்த்தேன். நல்ல நேரம் போட்டிருந்தது. வீட்டுக்குப் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. ஒரு பூஜை கூடப் போடாமல் விடுவதா? சைக்கிள் வாங்கினால் பொட்டு வைக்கிறோம், தையல் மெஷினுக்கு வைக்கிறோம், கிரைண்டருக்கு வைக்கிறோம். குளித்து, வேட்டி கட்டி, நானே கல்லில் சந்தனம் அரைத்தேன். கம்ப்யூட்டருக்கு மூன்று பொட்டு வைத்தேன். ஃப்ளாப்பிகள் ஞாபகத்துக்கு வந்தன. பெட்டி வெறும் பெட்டி. சரஸ்வதி அந்த ஏழில் அல்லவா இருக்கிறாள்?

எங்கே வைப்பது என்றுதான் யோசனை. மேலே ஒட்டிய சீட்டில் பாய் மையால் அத்தியாய எண் எழுதியிருந்தார், வைத்தால் கலைந்துவிடும். எனக்கும் பொறுப்பு உண்டு. உறையின் கீழே நீளவாக்கில் ஒரு திறப்பு இருந்தது. உள்ளே இருக்கும் தகடு அது வழியாகப் பளபளவென்று தெரிந்தது. பொட்டு வைப்பதற்கென்றே விட்ட நெற்றி மாதிரி இருந்தது. வைத்தேன். நல்ல பெரிய சந்தனப் பொட்டு. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் அதே போல் ஒரு நெற்றி. அதற்கும் வைத்தேன். ஏழுக்கும், இரண்டு பக்கமும். ஒன்றுக்கு வைத்து இன்னொன்றுக்கு வைக்காமல் விடுவது என் சுபாவத்தில் இல்லை.

சாயங்காலம் பாய் வந்தார். கம்பியைத் தொட்டார். அலமாரியைத் திறந்தார். திறந்தவர் திரும்பவும் ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த முறை மின்சாரம் இறங்குவதற்காக இல்லை, அவர் கீழே விழாமல் இருப்பதற்காக என்று நினைக்கிறேன்.

"அண்ணே, கம்ப்யூட்டரு இந்த ஓட்ட வழியாத்தேன் படிக்கும்."

"எந்த ஓட்டை?"

"நீங்க பொட்டு வச்ச ஓட்ட."

என் உடம்பில் அப்போது நடந்ததை டாக்டர்களுக்குச் சொன்னால் புத்தகம் போடுவார்கள். காதுக்குள் பெரியார் பஸ் நிலையமே இரைந்தது. ராணுவத்தில் சேர வயது வரம்பு என்ன என்று நினைத்துப் பார்த்தேன். பெட்டியில் இருந்தது அழிந்துவிட்டது. வெளியே இருந்தது பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள்.

"பாய், நான் செத்தேன்."

"மெதுவாப் பேசுங்கண்ணே. இன்னும் எதுவும் சாகல." ஒரு ஃப்ளாப்பியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "மிஷின்ல மட்டும் போட்டுராதீங்க. போட்டாச் சுத்துற சுத்துல தேச்சிரும். நாளைக்கு நான் லீவு போடுறேன். பேட்டரிக்கு ஊத்துற தண்ணி, குழந்தைக்குப் போடுற சோப்பு, புது பிளேடு. வாங்கி வைங்க."

திங்கட்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அந்த ஆபரேஷன் நடந்தது. பாய் பிளேடால் உறையின் ஓரத்தை மயிரிழை அளவுக்குக் கீறினார். உள்ளே இருந்த தகட்டை ஓரம் பிடித்து எடுத்தார். சோப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு, விரல் நுனியால் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தடவினார். என்னைத் தொடவே விடவில்லை. "நீங்க குடத்தப் பிடிங்கண்ணே, அது போதும்" என்றார். பிறகு ஒவ்வொன்றின் நடு ஓட்டையிலும் நூல் கோத்துத் துணிக்கொடியில் தொங்கவிட்டார். ஒரு புடவை, இரண்டு துண்டு, ஏழு அத்தியாயம்.

கோமதி செவ்வாய்க்கிழமைதான் வருவதாக இருந்தது. எனக்கு அவகாசம் இருந்தது. ஆனாலும் முன்ஜாக்கிரதையாகப் பாயைத் தயார் செய்தேன்.

"யாராச்சும் கேட்டா, ஆபீஸ்ல ஏதோ பழைய எக்ஸ்ரே, கழுவச் சொன்னாங்கன்னு சொல்லிருங்க."

"ஆபீஸுக்கு எதுக்குண்ணே எக்ஸ்ரே?"

"அது பொய், பாய். பொய்க்கெல்லாம் காரணம் கேக்கக் கூடாது."

பாய் அதை மனப்பாடம் செய்வது மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வாசலில் ரிக்‌ஷா மணி கேட்டது. அம்மா வீட்டில் வேலை ஓடவில்லை என்று கோமதி ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். நேராகப் பின்கட்டுக்குக் கால் கழுவ வந்தவள் கொடியைப் பார்த்தாள்.

"என்ன பாய் காயுது?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அந்த மனிதர் முயற்சி செய்தார் என்பதற்கு நான் சாட்சி.

"உங்க தீசிஸும்மா."

பிறகு நடந்தவை அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். கேட்காததையும் சொன்னார். ஆனால் அதில் ஒரு விசேஷம். "டீச்சரம்மாகிட்ட நேரா நான் கேட்டிருக்கணும், கேக்காம வீட்டக் காலி பண்ணினது எந் தப்பு" என்று ஆரம்பித்து, எல்லாத் தப்புகளையும் தன் பக்கமே இழுத்துக்கொண்டு போனார். அதில் பொய் எதுவும் இல்லை என்று அவர் நம்பியது அவர் முகத்திலேயே தெரிந்தது.

நான் என் மாமனார் வீட்டிலிருந்து வரப்போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் கோமதி என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சந்தனம் கடையில வாங்குனதா, அரைச்சதா?"

"நானே அரைச்சேன். கல்லுல."

"அப்ப வெறும் மரமும் தண்ணியுந்தேன். கழுவினாப் போயிரும். கடைச் சந்தனம்னா என்னத்தக் கலந்திருப்பானோ." கொடியிடம் போனாள். தகடுகளை நூலோடு எடுத்து, வெயிலிலிருந்து வேப்பமர நிழலுக்கு மாற்றினாள். "நெழல்லதேன் காயணும் பாய். எங்க இலைய எல்லாம் நாங்க அப்படித்தேன் காய வைப்போம்."

என்னோடு மூன்று நாள் பேசவில்லை. அது நியாயம்.

அன்று சாயங்காலமே பாய் ஒரு புது ஃப்ளாப்பியைக் கீறித் தகட்டை எடுத்துவிட்டு, அந்த உறைக்குள் காய்ந்த தகடுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் படிக்கவிட்டார். முதல் அத்தியாயம் வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. கோமதி நாற்காலியின் பின்னால் நின்று, நாற்காலியை உடைத்துவிடுவது மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறு வந்தன. ஐந்தாம் அத்தியாயம் மட்டும் நடுவில் நின்றுவிட்டது. அப்படி நின்றால் அந்தப் பெட்டி ஒரு கேள்வி கேட்கும்: விட்டுவிடவா, இன்னொரு தடவை பார்க்கவா, கண்டுகொள்ளாமல் போகவா?

பாய் 'இன்னொரு தடவை' என்று அழுத்தினார். மறுபடி நின்றது. மறுபடி அழுத்தினார்.

அந்த வாரம் முழுவதும் ஷிப்டு முடிந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். கம்பியைத் தொட்டுவிட்டு உட்கார்ந்து, அந்த ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார். பெட்டிக்குத்தான் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும், அவருக்கு அலுக்கவில்லை. ஒரு நாள் இரண்டு பக்கம் வரும். ஒரு நாள் பாதி வரி. கடைசியில் ஓட்டையும் ஒடிசலுமாக ஐந்தாம் அத்தியாயம் வந்து சேர்ந்தது. ஓட்டைகளைக் கோமதி தன் களக்குறிப்பைப் பார்த்து அடைத்தாள். குறிப்பிலும் இல்லாமல் ஓர் அட்டவணை மிஞ்சியது: மலையடிவாரத்தில் ஓரிடத்தில் எண்ணிய செடிகள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கீழக்குயில்குடிக்குப் போனோம். கோமதி தரையில் மண்டியிட்டு எண்ணினாள். நான் எழுதினேன். பாய் இடத்தை அளக்கிற கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். வேலை ஆரம்பிக்கும் முன் சுற்றுமுற்றும் பார்த்தார். ஜன்னலோ கம்பியோ இல்லை. போய் ஒரு பாறையைத் தொட்டுவிட்டு வந்தார்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகத் தீசிஸைக் கொடுத்துவிட்டோம். புது டாஸ் நன்றாகத்தான் ஓடியது. சண்முகத்திடம் சொன்னேன். "அதுக்கும் மேல ஒண்ணு வந்திருச்சாமே மாப்ள" என்றான். அன்றிலிருந்து அவனுக்கு முதுகு காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

சில மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் கோமதிக்கு நேர்முகத் தேர்வு. பெரிய பேராசிரியர்கள் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லித் தேற வேண்டும். அவளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். எதிரே புங்கமரத்தடியில் கம்பி பாய் நின்றுகொண்டிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. கையில் துணிப்பை. நாங்கள் அவருக்குத் தேதியைக்கூடச் சொல்லவில்லை. யாரிடமோ விசாரித்து, கப்பலூரில் லீவு சொல்லிவிட்டு, சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார். பைக்குள் பேட்டரித் தண்ணீரும் குழந்தைச் சோப்பும் இருந்தன.

"பாய், இது வாய்ப் பரீட்சை. இங்க உங்களுக்கு என்ன வேலை?"

"ஒண்ணுமில்லண்ணே. உள்ள ஏதாச்சும் அழிஞ்சு போச்சுன்னாக் கூப்பிடுவீங்கல்ல, அதேன்."

எனக்குச் சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாய் கொஞ்சம் ஒதுங்கி, நிழலில் எனக்கும் இடம் விட்டார். போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். கதவு திறக்கிறவரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.