ஒற்றைக் கம்பியும் இரண்டு சூடும்

வாழ்க மூட்டைத்தோளன்! ஐம்பது கிலோ சாக்கை ஒரே மூச்சில் லாரியேற்றும் உரத்தோளன், இருபதாண்டுச் சுமையால் இடத்தோள் இரண்டு விரற்கடை இறங்கிப்போன இணையிலி, முதுகு இனித் தாங்காது என்று முதுகே சொல்லிவிட்டபடியால், காவலாளி வேலைக்கான ஆள்தேர்வுக்கு இன்று காலை எட்டு மணிக்குப் போய் நிற்க உறுதிபூண்டான். நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் அப்பெரும்பேற்றை அடைய விதிக்கப்பட்ட நோன்பு ஒன்றே: சட்டை கசங்கியிருக்கக் கூடாது.

அவன் படைக்கலம் இஸ்திரிப்பெட்டி. சுவருக்கு அப்பால் பகைப்பாசறை: ஏழு மணிக்குக் கேட்டைப் பூட்டும் மில்லில் வேலை பார்க்கும் பக்கத்து அறை அக்காவும், வெண்களிறு போல் அமர்ந்து உறுமும் அவளது கரண்ட் குக்கரும். இரண்டு அறைக்கும் ஒரே மீட்டர், ஒரே ஃபியூஸ். தனி இணைப்புக்குக் கட்டச் சொன்ன தொகையைக் கேட்டு இரு வீட்டாரும் வாயடைத்து ஆண்டு மூன்றாயிற்று. சூடு கக்கும் பொருள்கள் இரண்டு ஒருங்கே உயிர்த்தால் கம்பி உருகி வீரசொர்க்கம் எய்தும். ஆகவே, போடுமுன் சுவரைத் தட்டுக, பதிலுக்குத் தட்டினால் சம்மதம் என்று கொள்க என்பது இருவரும் வகுத்த போரறம்.

அந்தோ, ஆறு மணிக்கு இருவரும் ஒரே நொடியில் தட்டினர்! ஒருவர் அறைகூவலை மற்றவர் சம்மதமாகக் கொள்ள, இரு சுவிட்சுகளும் ஒருங்கே விழ, டப் என்றொரு பேரிடி முழங்க, மின்விசிறிகள் குற்றுயிராய்ச் சுழன்று ஓய்ந்தன. மெயினை அணைத்து, ஸ்டூலேறி, புதுக்கம்பி முறுக்கி இறங்கினான் மாவீரன். அதுவே கடைசிக் கம்பி. இனியொரு தவறென்றால் சோறும் இல்லை, இஸ்திரியும் இல்லை.

கம்பி போட்டவனுக்கே முதல் உரிமை, இரண்டு நிமிடம் போதும் என்று அவன் பிரகடனம் செய்தான். அந்தக் கம்பியே தான் காசு போட்டு வாங்கி வைத்தது என்று அக்கா முரசறைந்தாள்.

"உன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியும் தம்பி. போன வாரம் உனக்காகக் குக்கரை அணைச்சேன், நீ பேண்ட் தேய்ச்சு முடிக்கறதுக்குள்ள என் அரிசி பாதி வெந்தபடியே நின்னுபோச்சு. பேசாம சட்டையை எடுத்துட்டு வா."

மலைபெயர்த்த தோளன் தலைகுனிந்து, சட்டையைப் பகைப்பாசறையின் தரையில் போர்வை மேல் விரித்தான். சோறு வெந்தது. குக்கரின் உள்பாத்திரத்தைச் சோற்றோடு தூக்கி, அடியை முந்தானையால் துடைத்து, கொதிகொதிக்க அந்தச் சட்டையின் மேல் வைத்து, காலர் தொடங்கிக் கைமடிப்பு வரை, கசங்கற்படை சிதறியோட, தேர் போல் அழுத்தி ஓட்டினாள் அக்கா. ஒரே சூட்டில் சோறும் வெந்து சட்டையும் வென்ற அவ்வரலாற்றை எந்த மீட்டரும் குறிக்கவில்லை. அவள் மில்லுக்கு ஓடினாள். அவன் கைகளை விரித்து, பஸ்ஸில் யார் மேலும் படாமல், முழங்கை மடக்காமல், வெற்றிக்கொடி போல் நின்றபடி போய்ச் சேர்ந்தான்.

வேலை கிடைத்தது, உடனே மாற்றிக்கொள்ளச் சொல்லி யூனிஃபார்ம் சட்டை ஒன்று கொடுத்தார்கள், அது கசங்கியிருந்தது.