கூட்டத்துக்கு வராதவரே தலைவர்

அன்புள்ள சுபத்ரா சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடமும் வேண்டாம், அவர் அப்பாவுக்கு உடனே போன் போட்டுவிடுவார். ஈப்போவில் நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். இங்கும் எல்லோரும் நலம், என்னைத் தவிர. என் கைப்பேசி அம்மாவிடம் இருக்கிறது. அதனால் எல்லோரும் படுத்த பிறகு குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன். குழாயில் தண்ணீர் இல்லாததால் இங்கே யாரும் வரமாட்டார்கள். விடியற்காலையில் ஈப்போவுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப்போகும் லோரியில் இதைக் கொடுத்தனுப்புவேன்.

நம் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீருக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று வாரியங்கள் அமைக்க வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர், காய்கறி போடுகிறவர், பெண்கள், இளைஞர் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் தொண்டர்கள் வேண்டுமாம். ஆள் பிடிக்கும் வேலை அப்பாவுடையது. நம் தோட்டத்து வழக்கம் உங்களுக்கே தெரியும். கூட்டத்தில் இருப்பவர் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுவார், ஆகவே வராதவரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பயத்தில் இன்று சாயங்காலம் ஒருவர் பாக்கியில்லாமல் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். கால் முறிந்த சுப்பன் மாமாவை உரமூட்டைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். விக்னேஸ்வரி அக்கா தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து கையில் குத்திய ஊசியோடு வந்தார். பிரிஞ்சாங் சந்தையில் கடை போடுகிறவர்கள் கடையை மூடிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, நம்ம சனத்துக்கு எவ்வளவு பொறுப்பு!" என்றார்.

வராதவர் யாருமே இல்லாததால் கூட்டம் நகரவில்லை. ஒருவரும் ஒண்ணுக்குப் போகக்கூட எழுந்திருக்கவில்லை. நான்தான் புத்தியில்லாமல் தேத்தண்ணி எடுக்க வெளியே போனேன். தட்டோடு திரும்பினால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். நான் தண்ணீர் வாரியத் தலைவியாம்!

"மாமா, எனக்குப் பதிமூணு வயசுதான்" என்றேன்.

"இளைஞர் வேணும், பொண்ணு வேணும்னாங்க. நீ ரெண்டும்லா! ஒரு நாற்காலி மிச்சம்" என்றார் தள்ளுவண்டியில் இருந்த சுப்பன் மாமா.

அழுகை வந்து வெளியே ஓடினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தால் கோயில் வாரியத்துக்கும் நான்தான். மூக்கைச் சிந்தப் போனேன், பள்ளி வாரியமும் வந்துவிட்டது. போன வருடம் என்னை முட்டி போடவைத்த தலைமை ஆசிரியர் எழுந்து நின்று, "வணக்கம், தலைவி" என்றார்.

நாளைக் காலைதான் பெரிய சோதனை. லயத்தில் ஒரு வாரமாகத் தண்ணீர் இல்லை. தோட்ட நிர்வாகியான துரை மண்டபத்துக்கு வருகிறார். ஏன் தண்ணீர் இல்லை என்று நான்தான் எழுந்து கேட்க வேண்டுமாம். துரை காரைக் கண்டாலே தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்துக்கிற ஆள் நான். "பேச நாக்கு வராதுப்பா"ன்னேன். "மூணு வாரியத் தலைவி பேசுற பேச்சா இது?"ன்னு கேக்குறாரு அப்பா.

சித்தி, இது கைக்குக் கிடைச்சதும் போன் பண்ணி, ரூபினியை உடனே ஈப்போவுக்கு அனுப்புங்கன்னு சொல்லுங்க. ஐயோ, வேணாம், வேணாம்! நான் ஊரிலேயே இல்லைன்னா சுடுகாட்டு வாரியத்தையும் என் தலையில கட்டிருவாங்க. நீங்களே இங்க வந்து, துரை வர்ற நேரத்துல எனக்குப் பதிலா ஒரு வார்த்தை மட்டும்

யாரோ கதவைத் தட்

பி.கு.: சித்தி, போன் செய்ய வேண்டாம், வரவும் வேண்டாம். கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். வாசலில் தட்டியது துரை! அவர் பங்களாவிலும் பாதிக் குளியலில் தண்ணீர் நின்றுவிட்டதாம். தலையெல்லாம் சோப்பு நுரையோடு, துண்டைப் போர்த்திக்கொண்டு குளிரில் நடுங்குகிறார். "தண்ணி வாரியத் தலைவர் யாரு?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக்குள் ஒளிய ஒரு செடிகூட இல்லை. அதனால் வாய் தானாகத் திறந்துகொண்டது. "லயத்துல ஒரு வாரமா வரலைங்க, துரை. நீங்க ஏன் கூட்டத்துக்கு வரலை?" என்று கேட்டேவிட்டேன். அவர் கார் விளக்கை அணைத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். திரும்பி வருவதற்குள் அப்பா, அம்மா, நான் மூவரும் கையைத் தூக்கிவிட்டோம். இப்போது தண்ணீர் வாரியத் தலைவர் துரைதான். சோப்பு காய்வதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிடும் என்கிறார் அப்பா.