தண்ணீர் கேட்ட கரி அண்ணாச்சி

பாளையங்கோட்டையிலிருந்து புன்னக்காயல் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், கரி அண்ணாச்சியைப் போல என் உயிரை எடுத்த இன்னொரு மனிதன் கிடைக்க மாட்டான். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. நிதானமாக யோசித்துத்தான் சொல்கிறேன்.

இருவரும் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் ஆராய்ச்சி மாணவர்கள். அவர் என்னைவிட மிக மூத்தவர். சாயமோ விஷவாயுவோ, அதன் மூலக்கூறு கரியின் மேல் ஒட்டுமா, எவ்வளவு பலமாக ஒட்டும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது எங்கள் வேலை. எனக்கு அது வேலை. அவருக்கு அது கிறுக்கு.

டவுண் பஸ்ஸில் கம்பியோடு கம்பியாக நசுங்கிக்கொண்டிருப்போம். "பாத்தீரா வே, மொத அடுக்கு ரொம்பிட்டு. இனி ஏறுதவன் நம்ம மேலதான் ஒட்டணும்" என்பார்.

"அடுக்காவது மிடுக்காவது, உள்ள போரும் வே!" என்று கண்டக்டர் கத்துவார்.

பெண் பார்க்கப் போன வீட்டில், "நமக்குள்ள ஈர்ப்பு பலவீனமாத்தான் இருக்கும். ஆனா சூடுபடுத்தாம இருந்தா பிரியாது" என்றாராம். காபி வருவதற்குள் வாசலைக் காட்டிவிட்டார்கள்.

இந்த மனிதர்தான் நான் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய மாதத்தில் என் திரையை எட்டிப் பார்த்தார். என் நீலச் சாயம் கரித்தகட்டின் மேல் அட்டை மாதிரி ஒட்டியிருந்தது. நெறியாளருக்குப் பரம திருப்தி. பட்டம் வந்தால் ஒரு கல்லூரியில் வேலை நிச்சயம். தாமதமானால் அந்த இடம் வேறொருவனுக்கு.

"தண்ணிய எங்க வே?" என்றார் அண்ணாச்சி.

"எந்தத் தண்ணி?"

"சாயம் எங்கன கெடக்கு? ஆத்துலயா, ஆகாசத்துலயா? நீரு வெறும் வெட்டவெளியிலலா ஒட்ட வச்சிருக்கீரு!"

"தண்ணி சேத்தா கணக்கு முடிய வாரக்கணக்காகும் அண்ணாச்சி."

"தண்ணியும் கரிமேல எடம் கேக்கும்லா. ஒம்ம பயலப் பிடிச்சுத் தள்ளிட்டுன்னா?"

"அதுக்கு முன்னால நான் உங்களத் தள்ளிருவேன், தாமிரபரணியில!"

கத்தினேனே தவிர, நிம்மதி போய்விட்டது. வாய்மொழித் தேர்வில் எவனாவது ஒரு கிழவன் இதையே கேட்டால் என்ன செய்வது? மறுநாள் சாயத்தைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை நிரப்பினேன். பெரிய கணக்குக்குத் துறையில் இருந்தது ஒரே எந்திரம். எப்போதும் அண்ணாச்சியின் கணக்குதான் அதில் ஓடிக்கொண்டிருக்கும். அன்று காலியாகக் கிடந்தது. ஏன் என்று கேட்க எனக்கு நேரமில்லை.

கணக்கு இரண்டு வாரம் ஓடியது. ஒரு நாள் சாயம் தகட்டை விட்டு எழும்பியது. அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "பைய, பைய... எறங்குலே ராசா" என்று திரையைக் கெஞ்சினார். அது புரண்டது. திரும்பிப் படுத்தது. மறுபடி ஒட்டியது. பழைய பலத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் ஒட்டிக்கொண்டு விடவே இல்லை. அப்பாடா! அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்து கேட்டேன்: "உங்க கணக்கு எப்ப முடியும் அண்ணாச்சி?"

"அதையா? நீரு தண்ணி சேத்த அன்னைக்கே நிறுத்திட்டேன். எந்திரம் ஒண்ணுதான இருக்கு."

"பாதியில நிறுத்தினா மொதல்ல இருந்துலா ஓட்டணும்! புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

"ஒம்ம பய ஒட்டிட்டான்லா, விடும் வே."

அவரைத் தள்ளிவிட்டு நானே உட்கார்ந்து அவருடைய கணக்கை முதலிலிருந்து ஓடவிட்டேன். புது வேலையில் சேர்ந்த பிறகும், அது முடிகிறவரை தினமும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.