மூன்று முறை திரும்பிய விண்ணப்பம்

சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே அரசாங்க விண்ணப்பத்தில் முழு உண்மையை எழுதிய ஒரே மனிதர் பெட்டி அண்ணாச்சிதான். அதனால்தான் அது மூன்று முறை திரும்பி வந்தது.

வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்து எலுமிச்சைத் தோட்டத்தில் பன்னிரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். தினமும் முதல் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தேனை வாங்கிக்கொண்டிருந்த பஜார் கடைக்காரர் சென்ற ஆண்டு கையை விரித்துவிட்டார். உணவுப் பதிவு எண் இல்லாமல் இனி ஒரு பாட்டில்கூட அலமாரியில் ஏறாதாம். எண் வராவிட்டால் பெட்டிகளை விற்க வேண்டியதுதான்.

திரும்பி வந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பிறர் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பி ஓய்வு பெற்றவன் நான். அண்ணாச்சிக்கு ஒரு பெயர் உண்டு என்பதே அவற்றைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

முதலாவதில், வேலையாட்கள்: 'பெட்டிக்குப் பத்தாயிரம். எல்லாம் பெண்கள்.' இரண்டாவதில், வேலை நேரம்: 'விடிந்ததிலிருந்து. மழையென்றால் விடுமுறை.' மூன்றாவதில், தயாரிப்பாளர்: 'தேனீ.'

"உங்க பேரைப் போடுங்க அண்ணாச்சி."

"நானா சார் தயாரிக்கேன்? காடு காடா அலைஞ்சு கொண்டாருதது அதுக. எடுத்துட்டு ஓடுதவன் நான். களவாணின்னு ஒரு கட்டம் இருந்தா சொல்லுங்க, டிக் அடிக்கேன்."

"நான் எழுதிருதேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

"பொய்யில கையெழுத்தப் போட்டுட்டு எந்த மூஞ்சிய வச்சுட்டு பெட்டி மூடியத் தெறக்க?"

ஒரு வாரம் விதிகளைப் புரட்டினேன். கிடைத்தது: 'மறுபொட்டலமிடுபவர்.' பிறர் செய்த பொருளை வாங்கித் தன் பாட்டிலில் அடைத்து விற்பவர்.

அந்த வரியை விரல் வைத்து இரண்டு முறை வாசித்தார். "'வாங்கி'ன்னு இருக்கே, அதுதான் இடிக்கி. சரி, போடுங்க."

எண் வந்தது. கடைக்காரரும் தேனை எடுத்துக்கொண்டார். சான்றிதழைத் தொழில் நடக்கும் இடத்தில் மாட்ட வேண்டும் என்பது விதி. கடையில் மாட்டினால் போதும் என்றேன்.

"தொழில் நடக்குதது அங்கனயா சார்?"

விதிப்படி அவர் சொன்னதுதான் சரி. மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் போனேன். மாட்டுவதற்கு முன் முதல் பெட்டியருகே நின்று, சான்றிதழில் அச்சிட்டிருந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தேனீக்களுக்கு வாசித்தார். காற்றில் பறக்காமல் காகிதத்தை நான் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது நிபந்தனையில் என் காதில் ஒன்று கொட்டியது; ஏழாவதில் கழுத்தில்.

கடைசி நிபந்தனை முடியும்வரை நான் கையை எடுக்கவில்லை.