சம்பந்தி வீட்டுத் தங்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அத்தானும் சுகம்தானே? அப்படியே இருக்க வேண்டுமானால் இதை உட்கார்ந்து படி.

நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி உன் மகள் கையில் வைத்த தங்கக் காசை, “வீட்டுப் பூட்டு சரியில்லை, உன் ஆய்வுக்கூடப் பெட்டகத்தில் வை” என்று என்னிடம் கொடுத்தாய். கீறல் விழக்கூடாதே என்று நான் அதைச் சோதனைத் தகடுகளுக்கான சின்ன டப்பாவில் போட்டேன். பெயர் எழுதாத டப்பா பெட்டகத்தில் இருக்கக் கூடாது என்பது எங்கள் விதி. பழக்கதோஷம், ‘தங்கம்’ என்று எழுதி ஒட்டிவிட்டேன். மறுநாள் நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில், கூட வேலை செய்கிறவர் அந்த டப்பாவை எடுத்து, அளந்து, எடை போட்டு, எல்லாம் தங்கத்துக்குச் சரியாக இருக்கவும், தேய்க்கவே வேண்டாத வழவழப்பு என்று பாராட்டிவிட்டு, உலோகத்தைத் தகடால அடிச்சுச் சோதிக்கற பீரங்கி முன்னாடி ஒட்டிச் சுட்டுட்டார் அக்கா. எங்க பீரங்கியிலேர்ந்து வர்ற தகடு துப்பாக்கிக் குண்டைவிடப் பல மடங்கு வேகம். அடி விழுந்தா, பல் பட்டாலே பதியற தங்கம் மூணுல ரெண்டு பங்கா சுருங்கி, அணுவெல்லாம் வரிசை மாறி உட்கார்ந்து, அப்புறம் உருகிடும். கண் சிமிட்டற நேரத்துல இதை லட்சம் தடவை செய்யலாம். அது சிதறின தொட்டியோட சுவரைச் சுரண்டிப் பார்த்தேன், கரிதான் வந்தது.

புதுசு வாங்கிக்கலாம்னு நீ சொல்லுவே. ஆனா கல்யாணத்தன்னைக்கு இதே காசை எல்லாருக்கும் காட்டணும்னு சம்பந்தி வாய் ஓயாம சொன்னாரே. என்னால கல்யாணம் நின்னுடுமோன்னு எனக்குச் சாப்பாடு இறங்கலை. “மாமாகிட்ட இருந்தா பத்திரம்மா”ன்னு சொன்னா உன் பொண்ணு. அவ முகத்துல எப்படி முழிப்பேன்? ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக்கே போய் அவர் காலில் விழுவதாக இருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் மகளுக்கு, அவள் ஏற்றுக்கொண்டால், என் ஆசிகள்.

இப்படிக்கு,
தலைகாட்ட முடியாத தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அந்தச் சோதனையின் அளவீடுகள் வந்தன. தங்கம் உருகியே தீர வேண்டிய அழுத்தத்தில் இது உருகவே இல்லை. அணுக்கள் வரிசையும் மாறவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டோம். அது டங்ஸ்டன், அக்கா, பல்பு இழைக்குப் போடும் மலிவான உலோகம். தங்கத்தின் கனம்தான் அதற்கும், அதனால் தராசு ஏமாந்துவிட்டது. மேலே மட்டும் தங்கப் பூச்சு. நான் ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகவில்லை. முதலில் உன் மகளை உட்காரவைத்துப் பேசு. இத்தனை நாள் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். இப்போது நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.